ஒருமுறை வந்தால் மறுமுறை வாராதா? (கக்குவான் இருமலின் வரலாறு)

நோய்களுள் சில தம் பெயரைத் தாமே கூறிக்கொண்டு வருவன. கக்குவான் இருமல் அவ்வகையைச் சேர்ந்தது. குழந்தை மூச்சு வாங்க இடமின்றி அடுக்கடுக்காக இருமும்; முகம் சிவந்து, பின்னர் நீலம் பாயும்; கண்கள் பிதுங்கும்; இறுதியில் 'ஊப்' என்ற நீண்ட ஒலியுடன் காற்றை உள்ளிழுத்து, உண்டது அனைத்தையும் கக்கிவிட்டுச் சோர்ந்து படுக்கும். ஆங்கிலேயர் அந்த ஒலியையே நோய்க்குப் பெயராக்கினர். சீனரும் ஜப்பானியரும் நாளைக் கணக்கிட்டு 'நூறு நாள் இருமல்' என்றனர். தாய்மாரின் அனுபவத்தை நன்கு உணர்த்துவது இந்தக் கடைசிப் பெயரே என்று நமக்குத் தோன்றுகிறது. மூன்று மாத காலம் இரவும் பகலும் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு விழித்திருந்தவர்க்கே நூறு என்னும் எண்ணின் நீளம் தெரியும்.

இந்நோயைப் பற்றி நம் இல்லங்களில் வழிவழியாக வழங்கும் கொள்கை ஒன்று உண்டு. 'சிறு வயதில் ஒருமுறை வந்து போய்விட்டதல்லவா? இனி அது திரும்பிப் பாராது' என்பர் பெரியோர். தடுப்பூசிகள் பரவிய பின்னர் மற்றொரு கொள்கையும் அதனோடு சேர்ந்துகொண்டது. 'குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று. இனி வாழ்நாள் முழுவதும் கவலை இல்லை' என்பது அது. இவ்விரு கொள்கைகளும் எங்கிருந்து பிறந்தன, எத்துணை மெய்யானவை என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண விழைகிறோம். ஆண்டு விழா மலரில் வாழ்த்துரைகளுக்கும் நாடகப் படங்களுக்கும் இடையே இருமலுக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். பேறுகாலத்திற்குத் துணையாக ஊரிலிருந்து பாட்டியையும் அத்தையையும் ரயிலேற்றி வரவழைக்கும் குடும்பங்கள் நம் காலனியில் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பவர்க்கு விடை தானே கிடைத்துவிடும்.

ஐரோப்பிய மருத்துவ நூல்களில் இந்நோயைத் தெளிவாக எழுதிவைத்தவர் பாரிஸ் நகரத்து வைத்தியர் கியோம் தெ பாயூ. 1578-ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரில் பரவிய இருமலை அவர் கண்டார். நான்கு மாதக் குழந்தைகளும் பத்து மாதக் குழந்தைகளும் அதற்கு இரையானதைக் குறித்து வைத்தார். அக்குறிப்பு அவர் மறைந்த பின்னரே, 1640-இல் அச்சேறியது. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் சிடன்ஹாம் இதற்கு 'பெர்ட்டுசிஸ்' என்னும் லத்தீன் பெயரை வழங்கினார். கடுமையான இருமல் என்பதே அதன் பொருள். பெயர் கிடைத்ததே அன்றி மருந்து கிடைக்கவில்லை. மருந்தில்லா நோய்க்கு மந்திரமும் மரபும் ஆயிரம் உண்டு. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நோயுற்ற குழந்தையைக் கழுதையின் வயிற்றுக்கு அடியில் நுழைத்து எடுப்பார்களாம். நம் பக்கத்திலோ கழுதைப் பாலைச் சங்கில் ஊற்றிப் புகட்டினார்கள். கடல் கடந்த இரு நாட்டாரும் கழுதையையே நாடியது வியப்புத்தான். அந்தச் சாதுப் பிராணியின் பொறுமைக்கு உலகம் செய்த மரியாதை என்று கொள்வோம்.

நிற்க. ஒருமுறை வந்த நோய் மறுமுறை வாராது என்னும் கொள்கை மருத்துவ அறிவியலில் உறுதியாக வேரூன்றியது கக்குவானால் அன்று, தட்டம்மையால். அதற்குக் களமாக அமைந்தவை வட அட்லாண்டிக் கடலில், ஐஸ்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே கிடக்கும் ஃபேரோ தீவுகள். 1846-இல் அங்கே தட்டம்மை புகுந்தது. 1781-க்குப் பின்னர் 65 ஆண்டுகளாக அந்நோயை அத்தீவினர் கண்டதே இல்லை. ஏழாயிரத்து எண்ணூறுக்குச் சற்றுக் குறைவான மக்களில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் சில மாதங்களுக்குள் படுக்கையில் விழுந்தனர். டென்மார்க் அரசு பீட்டர் லுட்விக் பானும் என்ற இளம் மருத்துவரை அனுப்பியது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தைச் சற்றே கடந்திருந்தது. படகிலேறித் தீவு தீவாகச் சென்று, வீடு வீடாக வினவி, அவர் திரட்டிய செய்திகளுள் ஒன்று இன்றளவும் பேசப்படுகிறது. 1781-இல் குழந்தைகளாக இருந்தபோது தட்டம்மை கண்டு பிழைத்த முதியோர் 98 பேரை அவர் சந்தித்தார். சுற்றிலும் ஊரே நோயில் கிடக்க, அவர்களுள் ஒருவருக்கேனும் அது மீண்டும் வரவில்லை. 65 ஆண்டுகளாக நோயின் வாடையே படாதிருந்தும், உடல் தன் பழைய பகைவனை மறவாதிருந்தது!

இந்தச் சான்று அறிஞர் உலகத்தைப் பெரிதும் கவர்ந்தது. பெரியம்மையைப் பற்றியும் மக்கள் அறிந்திருந்தது அதுவே: முகத்தில் தழும்பு உள்ளவரை அம்மை மீண்டும் அணுகுவது அரிது. இவ்விரண்டையும் கண்டவர்கள் கக்குவானையும் அதே வரிசையில் வைத்தது இயல்பே. வெளித்தோற்றமும் அதற்குத் துணைநின்றது. 'ஊப்' என்று கூவி இருமும் பெரியவர்கள் எங்கேனும் உண்டா? இல்லையே! ஆகவே குழந்தையில் வந்தவர்க்குப் பின்னர் வருவதில்லை என்று முடிவு கட்டினர்.

இந்த முடிவில் ஒரு மயக்கம் மறைந்திருந்தது. ஏற்கெனவே ஒருமுறை நோயுற்றவர்க்கு அது மீண்டும் தொற்றும்போது பெரும்பாலும் கூவுதல் இராது, கக்குதலும் இராது. ஐந்தாறு வாரம் விடாத வறட்டிருமலாக வந்து போகும். அதனைக் கக்குவான் என்று யார் எண்ணுவர்? 'பனி ஒத்துக்கொள்ளவில்லை' என்பர், 'புழுதி' என்பர். நோய் மீண்டும் வந்ததுண்டு. அதனை அடையாளம் காண்பார்தாம் இல்லை.

கிருமியைக் கண்ட பின்னரே இம்மயக்கம் தெளியத் தொடங்கியது. பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜூல் போர்தே என்பவரும் அவர் மைத்துனர் ஆக்டாவ் ஜாங்குவும் 1906-இல் கக்குவான் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தனர். உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின், இரத்தம் மூன்றும் கலந்த உணவில்தான் அது வளர்ந்தது. அத்துணை நாவுருசி உடைய கிருமி! போர்தே பின்னர் நோய் எதிர்ப்பு ஆற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காக 1919-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்.

இக்கிருமியின் போக்கே தனி. தட்டம்மை நஞ்சு உடலெங்கும் இரத்தத்தின் வழியே பாய்கிறது. கக்குவான் கிருமியோ பெரும்பாலும் இரத்தத்திற்குள் இறங்குவதில்லை. மூச்சுக் குழாயின் உட்புறத்தே சளியை மேலே தள்ளும் மெல்லிய மயிரிழைகள் உண்டு. அவற்றைப் பற்றிக்கொண்டு அங்கேயே குடியிருந்து நஞ்சைக் கக்குகிறது. கோட்டைக்குள் புகுந்து போரிட்ட பகைவனைக் காவலர் மறப்பதில்லை. மதிற்புறத்தே கூடாரமடித்துத் தொல்லை தந்து சென்றவனை நாளடைவில் மறந்துவிடுகின்றனர். கக்குவானின் எதிர்ப்பாற்றல் நீடியாமைக்கு அறிஞர் கூறும் காரணங்களுள் இஃது ஒன்று.

கிருமி கிடைத்ததும் அதனைக் கொன்று ஊசி மருந்தாக்கும் முயற்சிகள் பல நாடுகளில் தொடங்கின. பலவற்றின் பயன் ஐயத்திற்கு உரியதாகவே இருந்தது. இங்கும் ஃபேரோ தீவுகளே மீண்டும் நம்முன் வருகின்றன. கோபன்ஹேகன் நகரத்து அரசாங்க ஊசி மருந்து நிலையத்தின் தலைவர் தார்வால்ட் மாட்சன், 1923-24-இலும் 1929-இலும் அத்தீவுகளில் கக்குவான் பரவியபோது ஊசியைச் சோதித்தார். அவர் கண்டது இது: ஊசி பெற்ற குழந்தைகளுக்கும் நோய் வரத்தான் செய்தது, ஆனால் அது தணிந்து வந்தது, மரணம் குறைந்தது. தட்டம்மை வாழ்நாள் காப்பைக் காட்டிய அதே தீவுகளில் கக்குவான் ஊசி தந்தது குறைவான ஒரு காப்பையே. இவ்வேற்றுமையை அன்றே எவரும் பெரிதாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நம்பத்தகுந்த ஊசியை உலகிற்கு வழங்கியவர்கள் இரண்டு பெண்மணிகள். அவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். ஏனெனில் அவர்கள் பெயரை நம்மவருள் அறிந்தோர் மிகச் சிலரே. பேர்ல் கெண்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற அவ்விருவரும் தொடக்கத்தில் பள்ளி ஆசிரியைகள். இருவரும் சிறு வயதில் கக்குவானால் வருந்தியவர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மரச்சாமான்களுக்குப் பெயர்பெற்ற கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில், மாநிலச் சுகாதாரத் துறையின் கிளை ஆய்வுக்கூடத்தில் அவர்கள் பணியாற்றினர். பகலில் அவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலை தண்ணீரையும் பாலையும் சோதிப்பது. கக்குவான் ஆராய்ச்சியை 1932-இல் அலுவல் நேரத்திற்குப் பிறகே மேற்கொண்டனர்.

அது அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சியில் தவித்த காலம். மாலையில் இருவரும் கிருமி வளர்க்கும் சிறு கண்ணாடித் தட்டுகளை எடுத்துக்கொண்டு நோயுற்ற குழந்தைகளின் வீடுகளுக்குச் செல்வர். இருமும் குழந்தையின் வாயருகே தட்டைப் பிடிப்பர். தெறித்த துளிகளிலிருந்து கிருமி வளர்கிறதா என்று பார்ப்பர். மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில், வேலையிழந்த தந்தையரும் கலங்கிய தாயரும் தம் துயரைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே அவ்வேலை நடந்தது. இதனால் இரண்டு பயன்கள் விளைந்தன. ஊசிக்கு வேண்டிய கிருமி கிடைத்தது ஒன்று. நோயுற்றவர் எத்தனை வாரம் பிறர்க்குத் தொற்று தரக்கூடும் என்பது தெளிவானது மற்றொன்று. குழந்தையை எத்தனை நாள் வீட்டில் நிறுத்திவைப்பது என்பதை அதுவரை ஊகத்தால் முடிவு செய்தவர்கள் அதன் பின்னர்ச் சான்று கண்டு முடிவு செய்தனர்.

1934-இல் ஊசியின் பெருஞ்சோதனை தொடங்கியது. ஊசி பெற்ற குழந்தைகளையும் ஊசி பெறாத, வயதிலும் வாழும் இடத்திலும் அவர்களை ஒத்த குழந்தைகளையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டனர். முதற்கட்டக் கணக்கில் ஊசி பெற்றோர் 712 பேர். அவர்களுள் கக்குவான் கண்டவர் 4 பேர், அதுவும் இலேசாக. ஊசி பெறாதோர் 880 பேர். அவர்களுள் 45 பேர் நோயின் முழுக் கொடுமையையும் அனுபவித்தனர். இவ்வளவு நல்ல முடிவா என்று ஐயுற்றார் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற நோய்ப்பரவல் அறிஞர் வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்ட். நேரில் வந்து ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவர், திருத்தங்கள் கூறிப் பின்னர்த் துணைநின்றார். பணமுடை வந்தபோது பெண்மணிகள் குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரை அழைத்தனர். 1936-இல் அவர் ஆய்வுக்கூடத்திற்கு நேரில் வந்து பார்த்தார். அதன் பின்னர் உதவியாளரை அமர்த்தப் பொருள் கிடைத்தது. பின்னாளில் லோனி கார்டன் என்ற கறுப்பின வேதியியல் பெண்மணி ஆயிரக்கணக்கான தட்டுகளைச் சோதித்து, வீரியமிக்க கிருமி வகையைக் கண்டெடுத்து ஊசியை மேலும் வலுவாக்கினார்.

1940-களில் கக்குவான் ஊசியோடு தொண்டை அடைப்பான், இரண ஜன்னி ஆகியவற்றின் ஊசிகளையும் ஒன்றாக்கி முத்தடுப்பு ஊசி பிறந்தது. அமெரிக்காவில் 1934-இல் மட்டும் 2,65,000-க்கு மேற்பட்டோருக்குக் கக்குவான் கண்டதாக அரசுக் கணக்கு உள்ளது. 1976-இல் அந்த எண் 1,010. இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. எந்த கிராண்ட் ரேப்பிட்ஸில் ஊசி வெற்றி கண்டதோ, அந்நகரைத் தலைநகராகக் கொண்ட கென்ட் மாவட்டத்தில் 1962-இல் கக்குவான் சிறு அளவில் தலைகாட்டியது. நோய் புகுந்த வீடுகளில் இருந்தோரை லாம்பர்ட் என்னும் ஆய்வாளர் ஒவ்வொருவராக வினவி, இறுதி ஊசி பெற்று எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணக்கிட்டார். அவர் 1965-இல் வெளியிட்ட முடிவு சிந்தனைக்கு உரியது. ஊசி பெற்று நான்கு ஆண்டுகளுக்கு உட்பட்டோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரையே நோய் பற்றியது. ஆண்டுகள் ஏற ஏறப் பற்றும் விகிதமும் ஏறிற்று. பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்தோரிடம் காப்பு இருந்ததாகவே சொல்ல இயலவில்லை. அக்காலத்து ஊசி போலியன்று. அதன் காப்பு மெல்ல மெல்லக் கரைந்தது, அவ்வளவே.

அப்படியாயின் இயற்கையாக நோய் கண்டவர்க்கு மட்டும் ஏன் அது மீண்டும் வாராதிருந்தது? உண்மையில் அவர்கள் காப்பும் கரைந்தது. பின்வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான ஆராய்ச்சி, நோயால் வரும் காப்பு 4 முதல் 20 ஆண்டுகள் வரையும், ஊசியால் வரும் காப்பு 4 முதல் 12 ஆண்டுகள் வரையும் நிற்கக்கூடும் என்று மதிப்பிட்டது. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறுபடும். வாழ்நாள் முழுவதும் என்று எண்ணியது தவறு என்பதில் ஐயமில்லை. பழங்காலத்தில் வாழ்நாள் காப்பு இருந்ததுபோல் தோன்றியதற்கு வேறு காரணம் உண்டு. அன்று மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்குள் கக்குவான் வந்துகொண்டே இருந்தது. தம் பிள்ளைகளிடமிருந்தும் பின்னர்ப் பேரப்பிள்ளைகளிடமிருந்தும் பெரியோர் அதனை மீண்டும் மீண்டும் சிறிதளவு பெற்றனர். ஒவ்வொரு சந்திப்பிலும் உடல் தன் பாடத்தைப் புதுப்பித்துக்கொண்டது. விளக்கு விடியும்வரை எரிந்தது உண்மை. இடையிடையே எவரோ எண்ணெய் வார்த்துக்கொண்டிருந்ததை நாம் கவனிக்கவில்லை.

ஊசி பரவி, நோய் அருகிய பின்னர் எண்ணெய் வார்ப்பார் இல்லாது போயினர். இளமையில் ஊசி பெற்றவர் வளர்ந்து தாயாகும்போது காப்பு பெரிதும் வற்றிப்போகிறது. தாயிடம் இல்லாததைச் சேய் எங்ஙனம் பெறும்? ஊசியின் வெற்றியினின்றே இந்தப் புதிய இடர் முளைத்தது என்பது இவ்வரலாற்றின் விந்தை. இதைக் கேட்டு, 'அப்படியாயின் ஊசியே வேண்டாமே' என்று எவரேனும் கூறின், அவர்களுக்கு ஜப்பானின் கதையைக் கூறுவோம். 1974-75 குளிர்காலத்தில் முத்தடுப்பு ஊசி பெற்ற பின்னர் இரண்டு குழந்தைகள் இறந்தன. அச்சத்தால் ஊசி நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது பெற்றோர் முன்வரவில்லை. நூற்றுக்கு 80 குழந்தைகள் ஊசி பெற்றுவந்த நாட்டில் 1976-இல் 10 குழந்தைகளே பெற்றனர். 1974-இல் நோயாளிகள் 400-க்கும் குறைவு, மரணம் இல்லை. 1979-இலோ 13,000-க்கு மேற்பட்டோர் நோயுற்று, 41 பேர் இறந்தனர். பிரிட்டனிலும் அதே காலத்தில், ஊசி மூளையைக் கெடுக்கும் என்ற அச்சம் பரவி, 1977 முதல் 1979 வரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டனர். அந்த அச்சத்திற்குப் போதிய சான்று இல்லை என்று லண்டன் உயர்நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருமுன் இருமல் வந்துவிட்டது.

பழைய ஊசியில் கிருமி முழுவதும் கொல்லப்பட்டு அப்படியே இருந்தது. அதனால் காய்ச்சலும் வீக்கமும் அழுகையும் மிகுதி. ஜப்பானிய அறிஞர் யூஜி சாட்டோவும் ஹிரோகோ சாட்டோவும், கிருமியின் உடலை நீக்கி வேண்டிய சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்து ஊசியாக்கினர். 1981-இல் ஜப்பான் அதனை ஏற்றது. அமெரிக்கா 1997-இல் குழந்தைகளுக்குரிய எல்லாத் தவணைகளுக்கும் அதனையே பரிந்துரைத்தது. காய்ச்சல் குறைந்தது; பெற்றோர் மகிழ்ந்தனர். விலை என்ன என்பது பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர்த் தெரிந்தது. 2010-இல் கலிபோர்னியாவில் பத்துச் சிசுக்கள் கக்குவானால் மடிந்தன. 2012-இல் அமெரிக்கா முழுவதும் 48,277 பேர் நோயுற்றனர். அதே ஆண்டில் வெளியான கலிபோர்னிய ஆய்வு ஒன்று, ஐந்தாவது தவணை பெற்ற பின்னர் ஒவ்வோர் ஆண்டும் நோய் பற்றும் வாய்ப்பு சராசரியாக 42 விழுக்காடு கூடிக்கொண்டே போவதைக் காட்டியது. மறு ஆண்டில் அமெரிக்க அரசின் ஆய்வுக்கூடத்தில் பபூன் குரங்குகளைக் கொண்டு நடந்த சோதனை மேலும் ஒன்றைப் புலப்படுத்தியது. புதிய ஊசி பெற்ற குரங்குகள் நோயுறவில்லை. ஆயினும் கிருமி அவற்றின் தொண்டையில் வாரக்கணக்கில் தங்கி, அருகிலிருந்த குரங்குகளையும் தொற்றியது. பழைய ஊசி பெற்றவை கிருமியை விரைவில் அகற்றின. இவற்றையெல்லாம் கருதியே உலக சுகாதார நிறுவனம், பழைய முழுக்கிருமி ஊசியைக் கையாளும் நாடுகள் அதனையே தொடருமாறு 2015-இல் அறிவுறுத்தியது.

பாரத நாடு அவ்வாறு தொடரும் நாடுகளுள் ஒன்று. 1978-இல் தொடங்கிய விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டமும், 1985 முதல் நடைபெறும் அனைவர்க்குமான தடுப்பூசித் திட்டமும் முழுக்கிருமி ஊசியையே வழங்கி வந்துள்ளன. நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையமும், இமயச் சாரலில் கசௌலி நிலையமும் அதற்கு மருந்து அளித்தவை. 2011 டிசம்பரில், முத்தடுப்போடு மேலும் இரண்டு நோய்களுக்குரிய மருந்தும் சேர்ந்த 'பென்டாவேலன்ட்' ஊசி முதன்முதலில் அரசுத் திட்டத்தில் இடம்பெற்றது தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமே என்பதை நம்மவர் பெருமையுடன் கூறிக்கொள்ளலாம். இன்று குழந்தைக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட். 16 முதல் 24 மாதத்திற்குள் முத்தடுப்பு ஒருமுறை. 5 முதல் 6 வயதிற்குள் மற்றொரு முறை. 10 வயதிலும் 16 வயதிலும் அரசு தரும் ஊசியிலும், கருவுற்ற தாய்மார்க்குத் தரும் ஊசியிலும் இரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மருந்து உண்டு, கக்குவானுக்கு இல்லை. ஆகவே திட்டப்படி எல்லாம் பெற்ற ஒருவர்க்கும் கக்குவான் பாடம் ஆறு வயதோடு நின்றுவிடுகிறது.

நகரத்துத் தனியார் மருத்துவமனைகளில் 'வலியில்லாத ஊசி' என்று கூடுதல் விலைக்குத் தருவது மேலே கூறிய புதிய வகையே. இளம் பெற்றோர் பலர் விலையைக் கொண்டு அதுவே உயர்ந்தது என்று எண்ணுகின்றனர். ஓரிரவுக் காய்ச்சலையும் காப்பின் நீளத்தையும் எடைபோட்டு, மருத்துவரோடு கலந்து முடிவு செய்வது தக்கது. இரண்டில் எதனைப் பெற்றாலும் பெறாமையினும் அது பன்மடங்கு நன்று. ஊசி பெற்றவர்க்கு நோய் வரினும் பெரும்பாலும் தணிந்தே வருகிறது.

இனி, ஆறு வாரம் நிரம்பாத சிசுவின் நிலையைக் காண்போம். கக்குவானால் இறப்போரில் பெரும்பாலோர் மூன்று மாதத்திற்கு உட்பட்டோர். தம் முதல் ஊசியின் பயனை இன்னும் பெறாதவர். அவர்களுக்கு நோயைத் தருவோர் யார் என்று பல நாடுகளில் ஆராய்ந்தபோது பெரும்பாலும் வீட்டாரே என்று தெரிந்தது: தாய், தந்தை, தமக்கை, தமையன், பாட்டனார், பாட்டியார். அன்போடு தூக்கி உச்சி மோந்தவர்களே! இங்கிலாந்தில் 2012-இல் நோய் மிகுந்து 14 சிசுக்கள் இறந்தபோது, அவ்வாண்டு அக்டோபர் முதல் கருவுற்ற தாய்மார்க்குக் கக்குவான் ஊசி தர அந்நாடு முற்பட்டது. தாயின் உடலில் எழும் எதிர்ப்புப் பொருள் தொப்புள்கொடி வழியே சேயை அடைகிறது. அவ்வாறு ஊசி பெற்ற தாயரின் பச்சிளங் குழந்தைகளுக்கு நூற்றுக்குத் தொண்ணூறளவில் காப்பு கிட்டியதை இரண்டாண்டுகளுக்குள் கண்டனர். அமெரிக்காவும் 2012 முதல் ஒவ்வொரு கருவுறுதலின்போதும் இவ்வூசியைப் பரிந்துரைக்கிறது. முதற்பிள்ளைக்குப் போட்டது இரண்டாம் பிள்ளைக்குப் போதாது. அதற்குள் தாயின் எதிர்ப்புப் பொருள் குறைந்துவிடுகிறது. அங்கே ஏழாம் மாதம் முதல் ஒன்பதாம் மாதத் தொடக்கம் வரை இதற்கு ஏற்ற காலமாகக் கொள்ளப்படுகிறது. ஏறக்குறைய நம்மவர் வளைகாப்பு நடத்தும் காலம். நம் நாட்டில் அரசுத் திட்டத்தில் இல்லாவிடினும் தனியார் மருத்துவரிடம் இவ்வூசி கிடைக்கிறது.

நம் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் தனிக் கருத்து உண்டு. சொந்த ஊரில் வாழ்வோர்க்குப் பாட்டி அடுத்த தெருவில் இருப்பார். இருமல் இருப்பின் பத்து நாள் கழித்து வந்து பேரனைப் பார்ப்பார். இங்கோ ரயில் சீட்டு இரண்டு மாதம் முன்னரே பதிவாகிவிடுகிறது. இரண்டு நாள் பயணம், நெரிசலான பெட்டி, வந்து இறங்கியதும் குழந்தைக்கு எண்ணெய்க் குளியலும் சாம்பிராணிப் புகையும் அவர் பொறுப்பு. 'எனக்கு ஐந்து வயதிலேயே கக்குவான் வந்து போயிற்று' என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் வந்தது அது. ஆகவே இரண்டு மூன்று வாரமாக விடாத இருமல் உடைய பெரியவர் யாராயினும், மருத்துவரைப் பார்த்த பின்னரே பிறந்த குழந்தையைத் தூக்கட்டும். கக்குவானாயின், தக்க மாத்திரையை ஐந்து நாள் உட்கொண்டால் அவரிடமிருந்து பிறர்க்குத் தொற்றுவது நின்றுவிடும். அவர் இருமல் மட்டும் மேலும் சில வாரம் தொடரலாம். மருமகள் இதைச் சொல்லின் மனவருத்தம் நேரும். மகன் சொல்வது நன்று.

இடமாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் இல்லங்களில் தடுப்பூசி அட்டை தொலைந்துபோவதும் உண்டு. ஒன்றரை வயதுக்குரிய ஊசி வேறோர் ஊரில் போடப்பட்டிருக்கும். ஐந்து வயதுக்குரியது பள்ளிச் சேர்க்கை அலைச்சலில் மறந்தே போயிருக்கும். அந்த ஐந்தாம் வயதுக் கட்டத்தை இன்று வீட்டில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆறு வயது நிரம்புமுன் அது காலியாக இருக்கலாகாது.

பச்சிளங் குழந்தைக்கு வரும் கக்குவானில், இக்கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய 'ஊப்' என்னும் ஒலி பெரும்பாலும் கேட்பதில்லை. கூவுவதற்கு வேண்டிய வலிமை அவ்வுடலுக்கு இல்லை. சில வேளை இருமலும் இராது. பால் குடிக்க மறுத்தல், இடையிடையே மூச்சு நின்றுபோதல், உதடு நீலம் பாய்தல் ஆகியவையே அடையாளங்கள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டில் யாருக்கு எத்தனை நாளாக இருமல் என்பதையும் அங்கே மறவாமல் கூற வேண்டும்.